மஞ்சள் காகிதம்

காகிதம் எறிவது என் வேலை.
ஆன்டனோவ் விமானத்தின் திறந்த கதவோரம்
இடுப்பில் வார் கட்டி மண்டியிட்டு
கீழே புகையும் லார்ச் காட்டைப் பார்த்தபடி
மஞ்சள் கிரேப் காகிதச் சுருளை
உதறி விடுவேன்.

அதன் ஒரு முனையில் ஒரு பிடி மணல்.
வில்யூய் ஆற்றங்கரையில் அள்ளி
கிராம் கணக்கில் நிறுத்தது.
மணல் இழுக்கும். காகிதம் விரிந்து முரண்டு பிடிக்கும்.
இரண்டும் பேசி முடிக்கிற வேகம்
குடை விரித்த மனிதன் இறங்கும் அதே வேகம்.
குதிக்கப்போகிறவனுக்கு முன்னால்
அவன் விழப்போகும் வழியை
அரை ரூபிள் காகிதத்துக்கு விழவைத்துப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது.
உள்ளே ஓர் இறகு, ஒரு திருகாணி.
காற்றை உறிஞ்சிவிட்டுக் கவிழ்த்தால்
இரண்டும் ஒன்றாய் விழும் என்றார் பியோதர் இல்யிச்.
பம்ப் பழுது. நம்புங்கள் என்றார்.
நம்பினோம். தேர்விலும் எழுதினோம்.
இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

கண்டதெல்லாம் காற்று குறுக்கே நிற்கும் உலகம்தான்.
தள்ளிவிட்ட கோடரிப் பெட்டி
நேரே போய்ப் பாசியில் குத்தும்.
மிச்சிலின் இடக்கைக் கையுறை ஒருமுறை நழுவியது.
யோசித்து யோசித்துப் போய்
சதுப்புக்கு அப்பால் எங்கோ விழுந்தது.
ஒற்றைக் கையுறையோடு ஒன்பது நாள் தீ அணைத்தான்.
மண்ணுக்கு ஓரவஞ்சனை கிடையாது,
கோடரியையும் கையுறையையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுகிறது.
காற்றுதான் சோதனைச்சாவடி அதிகாரி:
எவ்வளவு கனம்? எவ்வளவு அகலம்?
என்ன அவசரம்?

ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.
ஐந்நூறு மீட்டர் உயரம்.
காற்றே இல்லையென்றால் பத்து வினாடி.
குடையோடு நூறு.
மிச்சத் தொண்ணூறும் காற்று தந்த கடன்.
உய்குலான் அதில் பாடுவானாம்.
கெட்ட குரல்,
கூடக் குதித்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை பத்தொன்பது.
முதல் காகிதம் கிழக்கே சாய்ந்தது. சரி.
இரண்டாவது தரை தொட
நூற்று நாற்பது வினாடி.
கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன்.
மூன்றாவது பாதி வழியில் நின்றது.
பிறகு, சத்தியமாக, மேலே வந்தது.
கரித்துகள்கள் சூழ
எங்கள் சக்கரத்தைத் தாண்டி
ஜன்னல் உயரத்துக்கு வந்தது
ஒரு பிடி ஆற்று மணல்.

உய்குலான் ஏற்கனவே விளிம்பில் கால் வைத்திருந்தான்.
கையைக் குறுக்கே நீட்டினேன்.
"துயாரா, தீ ஊர்ப்பக்கம் போகிறது."
தெரியும்.
"குடை தாங்கும்."
தாங்கும். அதுதான் பயம்.
விரியாத குடைக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள்.
நான் பயந்தது
இறக்கிவிடாத குடைக்கு.
பிடித்த பிடியில் அப்படியே தூக்கி
நெருப்பின் உச்சிக்குக் கொண்டுபோகும் குடைக்கு.

நான்கு கிலோமீட்டர் தள்ளிக் குதித்தார்கள்.
எரிந்த மரங்களைத் தாண்டித் தாண்டி
நடந்து சேர மூன்று மணி நேரம்.
அதற்குள் பதினொரு வைக்கோல் போர் போயிற்று,
ஒரு மாட்டுக் கொட்டிலும்.
அந்த வீட்டுக்காரி வானொலியில் என் பெயர் கேட்டாள்.
சொன்னேன். அவள் திட்டவில்லை,
எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு ஓடுதளத்தில் சாம்பல் இறங்கியது
பனியைவிடத் தயங்கித் தயங்கி.
எஞ்சின் உறைமேல், என் தோளில்,
தேநீர்க் குவளையில்.
அதில் எங்காவது மஞ்சள் தெரிகிறதா என்று
தலை நிமிர்த்தி நின்றேன்.
தெரியவில்லை.
அந்த ஒரு பிடியும் எங்கோ இறங்கியிருக்கும்,
அல்லது இன்னும்
இறங்கிக்கொண்டிருக்கும்.

நான்காம் நாள் உய்குலான் வந்தான்.
பேசாமல் மணல் சாக்கைப் பிரித்தான்.
நான் தராசை எடுத்து வைத்தேன்.